சாலவாக்கம் போன எஃகுத் துண்டு

நான் சொல்லப்போகும் கதையை உத்திரமேரூரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். சத்தியம்!

எங்கள் உலோக ஆராய்ச்சிப் பயிற்சியில் பி.எஸ்சி. மாணவி செல்வி ஓர் எஃகுத் துண்டை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டாள். சூரியனே அதில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொண்டது!

பயிற்சியை நடத்தும் நானும் மேரி டீச்சரும் அதைக் காட்டிப் பெருமையடிக்க, இன்று சாலவாக்கத்தில் அவள் வீட்டுக்கே பஸ் ஏறிப் போனோம்.

அவள் அப்பா துண்டைப் பார்க்கவே இல்லை.

"பொண்ணு பாக்க வந்தவங்க இவ தேய்ஞ்ச கையப் பாத்துட்டு, 'இன்னா, கல்லு ஒடைக்குதா?'ன்னு எய்ந்து பூட்டாங்க சார். இனிமே பொண்ணு அங்க வராது."

மேரி டீச்சர் அழுதுவிட்டார்.

உள்ளேயிருந்து செல்வி குரல்: "துண்டுல எண்ண தடவி வையுங்க சார். துரு புடிச்சிக்கும்."

கையுறை வாங்கித்தரத் தோன்றாத இரண்டு மேதைகளையும் தாராளமாகத் திட்டுங்கள்.

சூரியன் தலைவாரியது பொய். அவள் விரல்கள் தேய்ந்தது மட்டும் நிஜம்.