சஹனில் உட்கார வைத்த ஊசி

எனக்குச் சீனி வருத்தம் இருப்பது கல்முனையில் பாதிப் பேருக்குத் தெரியும். நான் சொல்லித் தெரிந்ததல்ல. என் மதினியின் மகள் கலியாணத்தில், அத்தனை பெண்கள் நடுவில், சோற்றுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே மயங்கிச் சாய்ந்துவிட்டேன். சாய்ந்தவள் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். தண்ணீர்க் குவளையையும் தட்டிவிட்டு மாப்பிள்ளையின் மாமி மடியில் போய் விழுந்தேன். அவருடைய புதுச் சேலை நனைந்த கதைதான் முதலில் ஊருக்குள் போனது. என் கதை அதற்குப் பின்னால் போனது.

குற்றம் என்மேல் இல்லை, ஊசிமேல். அப்போது நான் போட்டுக்கொண்டிருந்தது காலையும் இரவும் போடுகிற கலங்கல் இன்சுலின் மருந்து. போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். அதோடும் விடாது. பகல் சோறு கொஞ்சம் பிந்தினாலும் சீனி அளவுக்கு மீறி இறங்கி வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். எங்கள் கலியாண வீடுகளிலோ சோறு எப்போது வரும் என்று சமைக்கிறவருக்கே தெரியாது. பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து, லுஹர் தொழுது, ஆண்கள் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு எழும்பிய பிறகுதான் பெண்கள் பக்கம் சஹன் வரும். ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து கை போட்டுச் சாப்பிடுகிற பெரிய தட்டு அது. எனக்கு மட்டும் முன்கூட்டித் தாருங்கள் என்று அங்கே கேட்க முடியாது.

அதன்பிறகு கலியாண வீடுகளுக்கு நான் போனதே குறைவு. போனாலும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். "ஏன், எங்கட சோறு உங்களுக்கு இறங்காதோ?" என்று ஒருத்தி வாசலில் வைத்தே கேட்டாள். இறங்குவதில் பிரச்சினை இல்லை தங்கச்சி, அது வருவதில்தான் பிரச்சினை என்று சொல்ல வாய் வந்தது. அன்றைக்கு மட்டும் எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

பிறகு என் மகளுக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பொருந்தியது. கலியாணம் எங்கள் வீட்டில். பெண்ணின் உம்மாவும் மாப்பிள்ளையின் உம்மாவும் அன்று ஒரே சஹனில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் சம்மந்திமாருக்குள் ஏதோ மனக்கசப்பு என்று சொல்லிவிடுவார்கள். உட்கார்ந்து நான் பழையபடி சரிந்துவிட்டால் அதைவிடக் கேவலம். என் மகள் வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, அண்டைக்கு நீங்க சஹனுக்கு வருவீங்கதானே?"

"ஓம், ஓம். ஏன் வராம?" என்றேன். அந்தப் பயத்தோடுதான் அடுத்த கிளினிக்குக்குப் போனேன்.

கிளினிக்கில் புதிதாக வந்திருந்த டொக்டர் என் மகளைவிடச் சின்னவள் போலிருந்தாள். நான் சீனியைப் பற்றிக் கதைக்காமல் கலியாணத்தைப் பற்றியே கதைத்தேன். கேட்டுவிட்டு, மருந்தை மாற்றலாம் என்றாள். இது நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும், இரவில் ஒருதரம் போட்டால் போதும், குளிசைகளை வழமைபோலப் போடுங்கள் என்றாள். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவோம், அவசரப்படாதீர்கள் என்றும் சொன்னாள். என்னிடம் போய் அவசரப்படாதே என்றால்!

புது மருந்து பேனை போன்ற ஒன்றில் வந்தது. கலங்கலே இல்லை; கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. பழைய மருந்தை உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து உருட்டிக் கலக்கித்தான் போடுவேன். அந்தப் பழக்கத்தில் இதையும் உருட்டு உருட்டென்று உருட்டினேன். என் உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். என் புருஷன் கதிரையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள, கிளினிக்ல உன்னப் பேய்க்காட்டித் தண்ணிய அடைச்சித் தந்திரிக்காங்க."

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதை அவர் வாயால் கேட்டதும், டொக்டருக்காக அவரோடு சண்டை பிடித்தேன்.

ஆனால் சீனி இறங்கவில்லை. காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் பழைய மருந்தில் இருந்ததைவிடக் கூட. அளவைக் கூட்டினார்கள், அப்போதும் அதே. கலியாண நாள் நெருங்கி வந்தது. எனக்கு வந்த கோபத்துக்குப் பேனையைத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன். பழைய கலங்கலையே திருப்பித் தாருங்கள் என்று கேட்கத்தான் அடுத்த கிளினிக்குக்குப் போனேன்.

டொக்டர் சண்டைக்கு வரவில்லை. "இரவு ஊசி போட்டாப் பிறகு என்ன செய்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"என்ன செய்யிற? சாப்புடுறதான். ஊசி போட்டாச் சாப்புடத்தானே வேணும்."

"பிறகு?"

பிறகு இவர் இஷா தொழுதுவிட்டு, பள்ளிவாசல் முன்னால் நின்று ஊர்ப் புதினம் எல்லாம் கதைத்து முடித்து வருவார். அவர் தனியே சாப்பிட்டால் சோறு தொண்டையில் நிற்குமாம். அதனால் அவரோடு உட்கார்ந்து இன்னொரு தரம் சாப்பிடுவேன். இதை நான் சொல்லச் சொல்ல டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டாள். ஒவ்வொரு இரவும் ஊசிக்கு ஒரு சாப்பாடு, புருஷனுக்கு ஒரு சாப்பாடு. எந்த மருந்துதான் தாங்கும்?

"இந்த ஊசிக்கும் சோத்துக்கும் சம்பந்தமே இல்ல உம்மா. நீங்க அவரோடயே ஆறுதலாச் சாப்பிடுங்க. ஒருதரம்."

எனக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. இத்தனை வருடம் ஊசி ஒரு மாமியார் மாதிரி என் தலைக்கு மேல் நின்று, சாப்பிடு, இப்போதே சாப்பிடு என்று விரட்டிக்கொண்டிருந்தது. அந்த மாமியார் வீட்டை விட்டுப் போய் இரண்டு மாதமாகியும் நான் அவள் சொல் கேட்டுத்தான் நடந்திருக்கிறேன். ஒற்றைச் சாப்பாட்டுக்கு வந்த பிறகு காலைச் சீனி மெல்ல மெல்ல இறங்கி, ஒழுங்காக ஓரிடத்தில் நின்றது.

கலியாணம் வந்தது. வழக்கம்போல் எல்லாமே பிந்தியது. நிக்காஹ் பிந்தியது, ஆண்களில் ஒரு கூட்டம் சாப்பிட்டு முடிய, மருதமுனையிலிருந்து இன்னொரு கூட்டம் வந்து இறங்கியது. நாங்கள் கை கழுவிவிட்டு, சோறு வரும் வரும் என்று உள்ளே உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் சம்மந்தி. நல்ல கதைகாரி. வந்ததிலிருந்து வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். ஒருத்தி எதையோ கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதிலில் தலையும் இல்லை, காலும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். காற்றாடிக்கு நேர் கீழே இருக்கிறார், மேலுதட்டில் வேர்வை. விரல்கள் பாயின் ஓரத்தைச் சும்மா பிய்த்துக்கொண்டிருந்தன.

அந்த வேர்வையை எனக்குத் தெரியாதா?

சோறு இன்னும் தம்மில் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் மேசையில், கடைசியில் இனிப்புக்கென்று வட்டிலப்பம் அடுக்கியிருந்தார்கள். எழும்பி ஒன்றை இழுத்தெடுத்து, கையாலேயே கிள்ளி, சம்மந்தியின் வாயில் வைத்தேன்.

"தின்னுங்க. கதைக்காம விழுங்குங்க."

குசினிப் பக்கம் திரும்பி, சீனி அள்ளிப் போட்டு ஒரு பிளேன்டீ கெதியாகக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். சுற்றியிருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சோற்றுக்கு முன் வட்டிலப்பம் யார் வீட்டு வழக்கம்? பிறகு மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருத்தி தானாகவே ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள்.

"பாருங்களன், பொண்ணுட உம்மா சம்மந்திக்கு இனிப்புத் தீத்துறா! எவ்வளவு வடிவு!"

உடனே மூன்று நான்கு போன்கள் மேலே எழும்பின. நான் சிரித்துக்கொண்டே ஊட்டினேன். சம்மந்தியின் கண்ணில் நீர் நின்றது. அதையும் பாசம் என்று படமெடுத்தார்கள்.

பிளேன்டீயையும் குடித்து முடித்ததும் அவருக்கு முகம் திரும்பியது. சேலையைச் சரிசெய்யப் போகிறோம் என்று சொல்லி உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்ச?" என்றார், கட்டிலில் உட்கார்ந்து.

"கலங்கலா, தெளிவா?"

"கலங்கல்" என்றவர் அழத் தொடங்கினார். காலையில் போட்டாராம். மகனுக்கும் தெரியாதாம். சீனி முற்றி ஊசி வரைக்கும் வந்தவள் என்று பெண் வீட்டில் நினைத்துவிடுவார்கள் என்ற பயமாம். எந்தப் பெண் வீடு? என் வீடு! ஊரறிய மயங்கி விழுந்தவள் வீட்டில் போய் இதை ஒளித்தாரே என்று எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த தரம் அவருடைய கிளினிக்குக்கு நானும் கூட வருவதாகவும், மருந்தை மாற்றலாமா என்று கேட்போம் என்றும் சொன்னேன்.

மகள் கதவைத் தட்டி, எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் என்று ஒரு சஹனை உள்ளே வைத்தாள். உம்மா நேராக உட்கார்ந்திருக்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். சம்மந்தி சோற்றைப் பிசையத் தொடங்கினார். பள்ளிவாசலில் பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

"அசராயிட்டு! நீங்களும் இன்னும் தின்னல்லையே" என்றார். "உங்களுக்கு ஒண்டும் செய்யல்லையா?"

காலையில் ஓடுகிற ஓட்டத்தில் சாப்பிட்ட இரண்டு இடியப்பத்தோடு நின்றிருந்தேன். அதை நான் நினைக்கவே இல்லை. கையை நீட்டிப் பார்த்தேன். நடுக்கமில்லை, வேர்வையில்லை. என் மகளின் கலியாண நாளில், மயங்கிவிடுவேனோ என்று நினைக்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வயிற்றுக்குள் என்னவோ செய்தது. என்னவென்று விளங்கச் சற்று நேரமெடுத்தது.

"பசிக்கிது" என்றேன். பயம் கலக்காத பசி எனக்கு மறந்தே போயிருந்தது.