முழு பலத்தோடு முடுக்கிய நட்டு

மாலை ஐந்து பத்துக்குப் பெம்பான் ஊரைத் தாண்டியதும் என் பழைய லாரியின் பின்சக்கரம் புகைந்தது. காய்ச்சலில் துவண்ட மகளை ஜாசின் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம், ஆறு மணிக்கு ஊரடங்கு. பிரேக் பிடிக்கிறதா, அச்சு வளைந்ததா என்று புரியாமல் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காலையில்தான் அந்தச் சக்கரத்துக்குப் புதுப் பேரிங் போட்டிருந்தேன். மகள் ஏறும் வண்டியாயிற்றே என்று அதைப் பிடிக்கும் நட்டை முழு பலத்தோடு முடுக்கியிருந்தேன். அதில் தவறிருக்கும் என்று தோன்றவே இல்லை.

எதிரே வந்த லாரிக்காரர் இறங்கிப் பார்த்தார். காலையில் பேரிங் போட்டதைச் சொன்னேன்.

"கழண்டுரும்னு பயந்து ரொம்ப இறுக்கிட்டீங்க அண்ணே. பேரிங் சுத்த எடம் வேணும்லா."

பிறகு மகளின் நெற்றியைத் தொட்டார்.

"சக்கரம் கெடக்கட்டும். பிள்ளையத் தூக்குங்க, நான் என் வண்டியத் திருப்புறேன்."