சேவூரில் தினமும் அமாவாசை

சூர்யகலா போளூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். முடியாத பெரியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. பிரஷர் பார்ப்பாள், மாத்திரை கொடுப்பாள், கை காலை மடக்கி நீட்ட வைப்பாள். காலையில் மாட்டைக் கறந்துவிட்டுக் கிளம்பி, சாயங்காலம் போய் மறுபடியும் கறக்க வேண்டும். நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஆரணியில் என் வண்டியில் ஏறினால் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். சேவூர் வந்ததும் நான்தான் ஹாரன் அடித்து எழுப்ப வேண்டும்.

முதலில் எனக்கு அவள் மேல் நம்பிக்கை இல்லை. என் அக்கா அபிதகுசாம்பாள் வீட்டுக்கு அவள் வந்துபோக ஆரம்பித்தபோது, "இன்னா செஞ்சிடப் போறா, பையத் தூக்கிகினு வந்து கணக்குக்கு ஒரு போட்டோ எடுத்துகினு போவா" என்றுதான் சொன்னேன்.

அக்காவின் வீட்டுக்காரர் முருகேசன் மாமாவுக்கு மறதி நோய். பட்டு நெய்தவர். கண் மங்கியதும் தறியைப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. பட்டு நூல் கொடுத்துச் சேலை வாங்கிக்கொண்ட முதலாளியும் செத்துப்போனார். ஆனால் மாமா மனசுக்குள் தினமும் ஒரு சேலை நெய்து முடிகிறது. துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "மொதலாளி கிட்ட சேலைய குடுத்துட்டு வரேன்" என்று ஆரணி ரோட்டில் நடப்பார். ஒருமுறை லாரிக்காரன் பிரேக் போட்டதில் தப்பினார். கதவைப் பூட்டினால் நெற்றியால் முட்டுவார். தறியே இல்லை என்று சொன்னால், "வித்துத் தின்னுட்டியா?" என்று அக்கா மேல் பாய்வார்.

சூர்யகலா இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்தாள்.

"ஐயா எந்த நாள்லக்கா வேலைக்குப் போவாம இருப்பாரு?"

"அமாவாசைக்கு. அன்னைக்கு எங்க தெருவுல யாரும் தறியில ஒக்கார மாட்டாங்க. மொதலாளியும் சேலை வாங்க மாட்டாரு."

அவள் மாமா பக்கத்தில் போய்க் குனிந்தாள். "ஐயா, இன்னைக்கு அமாவாசைங்க."

மாமா அவளைப் பார்த்தார். "இத ஜல்தியா சொல்ல மாட்டீங்களா?" என்று துண்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அக்கா அதையே பிடித்துக்கொண்டாள். மாமா கண் விழித்ததும், துண்டைத் தேடுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். அவர் ரோட்டுக்குப் போவது நின்றது. கொஞ்ச நாள் வீடு வீடாக இருந்தது.

அப்புறம்தான் பேஜார். மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். காலையில் தட்டை வைத்தால் தள்ளிவிடுவார். மத்தியானம் ஊட்டினால் துப்புவார். ராத்திரி மட்டும் இரண்டு இட்லி உள்ளே போகும். சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. தனியார் டாக்டர் பார்த்துவிட்டு, இந்த நோய் முற்றினால் விழுங்குவதே மறந்துவிடும், இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். அக்கா வீட்டுக்கு வந்து அடுப்பு பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"கொழாய் போட்டா புடுங்கிப் போட்டுடுவாருடா. அதுக்குக் கையைக் கட்டிப் போடணுமாம். கட்டிப் போட்டு நான் பாத்துகினு இருக்கணுமா?"

சவாரி இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் சூர்யகலாவை நானே அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு உள்ளே போனேன். மாமா தோட்டத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். முருங்கை மரத்தில் ஒரு காக்கா. "இன்னும் சோறு வடிக்கலியா?" என்று எங்களைக் கேட்டார்.

சூர்யகலா பையைக் கீழே வைத்தாள். "அக்கா, ஐயா அமாவாசைக்குக் காலையில சாப்புடுவாரா?"

"எப்படிச் சாப்புடுவாரு? அவுரு அப்பா செத்ததுல இருந்து வெரதம். படையல் போட்டு, காக்காவுக்கு வெச்சிட்டுதான் வாயில தண்ணியே படும். ராத்திரிக்குப் பலகாரம்..."

அக்கா பாதியில் நின்றுவிட்டாள்.

"அப்ப அவரு சரியாத்தான்கா இருந்துகினு இருக்காரு" என்றாள் சூர்யகலா. "நான்தான் ஒரு மனுசன தெனமும் வெரதத்துல ஒக்கார வெச்சிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. அக்கா அரிசி களைய ஓடினாள். சோறு வெந்ததும் மாமாவே ஒரு பிடி எடுத்துச் சுவரில் வைத்து, தொண்டை கட்டிய குரலில் கா கா என்று கூப்பிட்டார். காக்கா எடுத்துப் போனதும் இலையில் உட்கார்ந்தார். ரசம் ஊற்றி மறுசோறு வாங்கினார்.

அமாவாசையையே விட்டுவிடலாமே என்று நான் சொன்னேன். ஒருநாள் சொல்லாமல் பார்த்தார்கள். மாமா பல்லைக்கூட விளக்கவில்லை, துண்டை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆகவே தினமும் அமாவாசைதான். விடிந்ததும் அக்கா குளித்து, சோறு வடித்து, காக்காவுக்கு வைக்கிறாள். முதுகு விட்டுப்போகிறது என்கிறாள். வெங்காயம், பூண்டு, கவிச்சி எதுவும் வீட்டில் இல்லை. நான் சாப்பிடப் போனால் வாழைக்காய்தான்.

"இன்னாக்கா, தெனமும் இதே வாழைக்காயா?"

"ஒனக்கு மீன் வேணும்னா ஒம் பொண்டாட்டி கிட்ட போய்க் கேளு. இங்க காக்காவுக்கு மிஞ்சினதுதான்."

மாமா கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. டாக்டரும் குழாய்ப் பேச்சை விட்டுவிட்டார்.

ஒரு சாயங்காலம் போளூர் பஸ்ஸுக்காகச் சூர்யகலா என் வண்டியில் வந்தாள். அதிசயமாகத் தூங்கவில்லை.

"எவ்ளோ நாளைக்கும்மா இப்படி?" என்றேன்.

"கொஞ்ச நாளைக்குதாண்ணா. அப்புறம் அமாவாசைன்னா இன்னான்னும் மறந்துடுவாரு."

"அப்ப?"

"அப்ப வேற எதுனா சொல்லணும்" என்று கம்பியில் தலையைச் சாய்த்தாள். "பஸ் ஸ்டாண்டு வந்தா எழுப்புங்கண்ணா. மாடு கத்திகினு இருக்கும்."