எங்கள் பலகையில் செல்லுபடியான சொற்கள்

ஜப்பானியர் பினாங்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், அலுவலக எழுத்தராக இருந்த யாழ்ப்பாணத்துக் கிராணியார் ஒருவரின் வீட்டு மாடியறையில் நான் குடியிருந்தேன். சென்னையில் பட்டம் பெற்றுத் திரும்பி, ஆங்கிலப் பள்ளி ஒன்றில் ஆசிரியனாகச் சேர்ந்த சில மாதங்களில் போர் வந்து பள்ளியை மூடிவிட்டது. காலையில் வீட்டின் பின்புறம் மரவள்ளி நடுவேன். பிற்பகலில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

அந்தப் பிற்பகல்களுக்காகவே கிராணியார் ஒரு விளையாட்டை உருவாக்கினார். போருக்கு முன் அலுவலக நண்பர்கள் ஆங்கில எழுத்துச் சீட்டுகளை வைத்துச் சொல் சேர்ப்பதை அவர் பார்த்திருந்தார். ஆங்கிலம் இப்போது ஆபத்தான மொழி. ஆகவே காலணிப் பெட்டி அட்டைகளை வெட்டித் தமிழ் எழுத்துகளை எழுதி, ஒரு பலகையில் கட்டங்கள் கீறினார். அவர், அவருடைய மனைவி, முன்னறையில் குடியிருந்த துணி வியாபாரி, நான் என நால்வர் ஆடுவோம். வியாபாரி இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். விற்கத் துணி இல்லாததால் அவருக்கும் நேரம் நிறைய இருந்தது.

எந்தச் சொல் செல்லும் என்ற வழக்கு முதல் வாரத்திலேயே வந்தது. வியாபாரி 'பசார்' என்று வைத்தார்.

"அது மலாய்ச் சொல்லெல்லோ? சந்தை எண்டு வையுங்கோ," என்றார் கிராணியாரின் மனைவி.

"ஏன் அக்கா, நேத்து பசாருக்குப் போனா கீரை வாங்கிட்டு வரச் சொன்னது யாரு? வாங்கிட்டு வந்தேன்லா. அப்போ கீரையைத் திருப்பிக் குடுங்க."

நாங்கள் சிரித்து முடித்ததும், பட்டதாரி என்பதால் தீர்ப்பை என்னிடம் விட்டார்கள். நான் யோசித்து ஒரு விதி சொன்னேன். இந்த வீட்டில் ஒருவர் தேவைக்காகச் சொல்லி, அதைக் கேட்டு இன்னொருவர் ஒரு காரியம் செய்திருந்தால் அந்தச் சொல் செல்லும். எந்த ஊரார் தமிழ் உயர்ந்தது என்ற சண்டைக்கு அதில் இடமில்லை. யாழ்ப்பாணத்தார் நாற்காலியைச் சொல்லும் 'கதிரை'யும் வியாபாரியின் 'பசாரு'ம் ஒரே பலகையில் அமர்ந்தன. அந்த விதியைப் பற்றி எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

பிறகு, கிராணியார் வீட்டில் 'கந்தோர்' என்று சொல்லும் அவருடைய அலுவலகத்தில் ஜப்பானிய மொழித் தேர்வு அறிவித்தார்கள். தேறாதவர்களை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. வேலை போனால் அந்த வேலையோடு கிடைத்த அரிசியும் போகும். ஐம்பதை நெருங்கிய அவருக்குப் புதிய சொற்கள் மனத்தில் நிற்கவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து உரக்கப் படிப்பார். குளித்துவிட்டு வருவதற்குள் மறந்துவிடுவார். ஆனால் ஆட்டத்தில் ஒருமுறை வைத்த சொல்லை அவர் மறந்ததே இல்லை. அதை நம்பித்தான் ஒருநாள் 'மிசு' என்று வைத்தார்.

"தண்ணீர். ஜப்பான் பாஷை," என்றார், மனைவியைப் பாராமல்.

அம்மையார் கையிலிருந்த எழுத்துகளைக் கவிழ்த்து வைத்தார். அவருடைய தம்பி சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக இருந்தவர். சயாம் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களை ஜப்பானியர் கொண்டுபோனபோது அவரையும் கூடவே அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஒரு செய்தியும் இல்லை.

"கந்தோரில கதையுங்கோ. என்ர மேசையில அது ஏறாது."

"இஞ்சரும், எனக்கு வேற வழி தெரியேல்லை," என்றார் அவர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். செல்லும் என்றால், தம்பியை இழந்து நிற்பவரின் ஒரே புகலிடமான வீட்டிலும் அந்த மொழியைக் குடியேற்றுவதாகும். செல்லாது என்றால், இருவரும் உண்ணும் சோற்றோடு விளையாடுவதாகும். எடுத்துச் சொல்ல ஒரு நியாயம் கிடைக்காமல், விதியையே சொன்னேன்: இந்த வீட்டில் அதைத் தேவைக்காக யாரும் சொன்னதில்லை, ஆகவே செல்லாது. கிராணியார் எழுத்துகளை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் ஓர் ஒத்திகைத் தேர்வு வைத்தார்கள். கிராணியார் அதில் தேறவில்லை. அம்மையாரிடம் அவர் அதைச் சொன்னது மாடிவரை கேட்டது.

மறுநாள் மதியம் நால்வரும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கின் முன் உட்கார்ந்தோம். கிராணியார் ஒரு வாய் மென்றுவிட்டு நிமிர்ந்தார்.

"உப்புப் போடேல்லையே?"

"போடேல்லை. வேணுமெண்டா அந்தப் பாஷையில கேளுங்கோ."

"நீர்தானே வேண்டாமெண்டனீர்?"

"நான் கதைக்கமாட்டன். நீங்கள் கேட்டால் எடுத்துத் தருவன்."

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தேடினார். கடைசியில், "மிசு," என்றார்.

அம்மையார் எழுந்து, அவர் முன்னால் ஒரு கோப்பை தண்ணீர் வைத்தார்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. விடியுமுன் அவர் உரக்கப் படித்த பாடம் முழுவதும் அடுக்களையில் இருந்தவரின் மனத்தில் ஏறியிருந்தது. கேட்க விரும்பாதவருக்கு அது நின்றுவிட்டது. கற்றே ஆகவேண்டியவருக்கு நிற்கவில்லை. கிராணியார் கோப்பையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிராணியாரே, கிழங்கு ஆறுது. சட்டுன்னு கேளுங்கலா, எங்களுக்கும் உப்பு வேணும்," என்றார் வியாபாரி.

"சியோ," என்றார் கிராணியார் மெல்ல. உப்புச் சிரட்டை அவர் கைக்கு வந்தது.

"தம்பி, சொன்னாரு, உப்பு வந்துச்சு. செல்லுமா?" என்று வியாபாரி என்னைக் கேட்டார்.

நான் அம்மையாரைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். "செல்லும்," என்றேன்.

தேர்வு நாள்வரை அந்த வீட்டில் கிராணியாருக்கு அந்த மொழியில் கேளாமல் எதுவும் கிடைக்கவில்லை. துண்டு, செருப்பு, குடை எல்லாவற்றையும் கேட்டுத்தான் வாங்கினார். தவறாகக் கேட்டால் தவறான பொருள் வந்தது. ஒரு மழை நாளில் குடைக்குப் பதில் விளக்குமாறு வந்ததைச் சொல்லி வியாபாரி பல நாள் சிரித்தார். அம்மையாரின் வாயிலிருந்து அம்மொழியின் ஒரு சொல்லும் வரவில்லை. கேட்டுப் பெற்ற சொற்களை மாலையில் கிராணியார் பலகையில் வைப்பார். அம்மையார் மறுக்கமாட்டார், ஆனால் அச்சொற்களோடு தம் எழுத்தைச் சேர்த்து ஆடவும் மாட்டார்.

அவர் தேறினார். கடைசி வரிசையில்தான், ஆனாலும் வேலை நிலைத்தது. பங்கு அரிசி வாங்கிக்கொண்டு வந்த அன்று, பையை இறக்கி வைக்குமுன்னே அம்மையார் சொன்னார்:

"இனி அந்தப் பாஷை கந்தோரோட நிக்கட்டும்."

"சட்டப்படி செல்லுற சொல்லாச்சே அக்கா, எப்படித் தள்ளுறது?" என்றார் வியாபாரி, பாதி விளையாட்டாக.

"தேவைக்கெண்டுதானே தம்பி சட்டம் போட்டவர்? தேவை முடிஞ்சுது."

மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். வீட்டுக்குள் வந்த சொல்லை வெளியே அனுப்பவும் அந்த வீட்டாருக்கு உரிமை உண்டு என்பதை என் விதியில் நான் எண்ணியிருக்கவில்லை. "அக்கா சொல்வதுதான் சரி," என்றேன்.

"ஓம்," என்றார் கிராணியார். அவருடைய மைத்துனரைப் பற்றி அப்போதும் ஒரு செய்தியும் வந்திருக்கவில்லை. அவர் பையை அவிழ்த்து அரிசியைச் சுளகில் கொட்டினார். அதில் கல்லும், கெடாமலிருக்கக் கலந்த சுண்ணாம்பும் பாதிக்குப் பாதி கிடந்தன. அன்று ஆட்டம் நடக்கவில்லை. நால்வரும் சுளகைச் சுற்றி உட்கார்ந்து கல் பொறுக்கினோம்.