பதில் சொல்லாத மனிதர்

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தது அவளுடைய அம்மா. பிறந்தபோது வைத்த பெயர் வேறு. ஆறு வயதில், சுவர்க்கடிகாரத்தின் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு, "முள்ளுக்கு எந்தப் பக்கம் போகணும்னு யாரு சொல்றா?" என்று துருவித் துருவிக் கேட்ட நாளில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்து மூன்று வயதாகியும் உதிரவில்லை.

இருபத்திரண்டு வயதில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்து, அதே தெருவில் ஒரு மாடியறையில் தங்கியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், டேப் ரெக்கார்டரில் கேசட் எதுவும் போடாமலேயே ஓர் ஆண்குரல் கேட்டது. "இங்க நல்ல வெயில். அங்க எப்படி? ஓவர்."

வேறு யாராக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். துருவி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்தபடி நடந்தாள். நாலாவது வீட்டு மொட்டை மாடியில், துணி காயப்போடும் கொடிக்கு மேலே, எந்தத் துணியும் தொங்காத ஒரு கம்பி தெரிந்தது. கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். அவளைக் கண்டதுமே கும்பிடு போட்டார். "உங்க டிவியிலயும் கோடு விழுதாம்மா? மன்னிச்சுக்கங்க. இந்த வாரத்தோட நான் வீடு மாறிடுவேன்."

"கோடெல்லாம் இல்லைங்க. உங்க குரல் எங்க டேப்புக்குள்ள எப்படி வந்துச்சு? நடுவுல கம்பியே இல்லையே?"

அவர் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பதினோரு பேர் அவரிடம் சண்டைக்கு வந்திருந்தார்கள். இப்படிக் கேட்டவர் ஒருவருமில்லை. இப்படிப் பேச அரசு உரிமம் வேண்டும் என்று சொல்லி, அதற்கான தேர்வு நடக்கும் அலுவலகத்தின் முகவரியை ரொட்டி சுற்றும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். சொன்னபடியே அந்த வாரம் வீடு மாறிப் போய்விட்டார்.

பிறகு அவளுக்கு அவளே வாத்தியார். நூலகத்தில் மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் பாதிப் பக்கங்களைக் காணோம். மோர்ஸ் தந்திமொழியைக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே பழகினாள். எதிரே தெரிந்த பெயர்ப்பலகைகளை எல்லாம் நாக்கு நுனியால் பல்லில் தட்டிப் படிப்பாள். முதலாளி ஒருநாள் அக்கறையாக, "பல்வலியாம்மா?" என்று கேட்டார். முதல் தேர்வில் தோற்றாள். இரண்டாவதில் தேறினாள். உரிமம் வந்த அன்றைக்கு அவளிடம் ரேடியோ இல்லை. பழைய உதிரிப் பாகங்களைக் கொண்டு ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் தானே ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்ட எட்டு மாதம் பிடித்தது. வெறும் ஐந்து வாட். ஒரு சின்ன இரவுவிளக்கின் சக்தி. அதை வைத்துக்கொண்டு ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஒரு கால்நடை மருத்துவருடன் பேசிய அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இடையில் கல்யாணம் ஆயிற்று. கணவர் பஸ் டிரைவர், அதிராத ஆள். பெண் பார்க்க வந்தவரிடம் அவள் எடுத்த எடுப்பில், "எனக்கு மொட்டை மாடி இருக்கிற வீடுதான் வேணும்" என்றாள். "காத்துக்கா?" என்றார் அவர். "கம்பிக்கு" என்றாள். வீடும் அப்படியே அமைந்தது. மூன்றாம் மாடி, தலைக்கு மேலே மொட்டை மாடி.

அவளுடைய ரேடியோ நிலையம் என்று சொன்னால் பெரிய கூடம் என்று நினைத்துவிடக் கூடாது. படுக்கையறைச் சுவரில் பதிந்த அலமாரி ஒன்று, கதவு கழற்றப்பட்டது, அவ்வளவுதான். கீழ்த்தட்டில் மின்சாரப் பெட்டி. இடுப்பளவுத் தட்டில், பின்னாளில் வாங்கிய நூறு வாட் பெரிய செட். அதன் தலைமேல் பிஸ்கட் டப்பா. மோர்ஸ் எழுத்துகளை அடிக்கும் தந்திச் சாவி, தட்டும்போது நகராமலிருக்க, குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய ஒரு தரை ஓட்டின்மேல் திருகப்பட்டிருந்தது. மேல்தட்டில் பழைய லென்ஸ் பெட்டிகள். அவற்றில், அவளோடு பேசியவர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்து அனுப்பிய அஞ்சலட்டைகள். சுவரில், ஊர் நேரத்துக்குப் பல மணி பின்னால் ஓடும் உலகப் பொது நேரக் கடிகாரம். ஒரு சமயம் தங்க வந்த மாமனார் இரண்டு நாள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே மாத்திரை விழுங்கிவிட்டு, "இந்த வீட்டுல பொழுதே விடிய மாட்டேங்குதே" என்று புலம்பினார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டுக் கூரைக்கும் நடுவே இருபது மீட்டர்க் கம்பி. வீட்டுக்காரம்மா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: "சும்மா தொங்குற கம்பியில ரெண்டு போர்வை காஞ்சா என்ன குறைஞ்சா போயிடும்?" ஈரப் போர்வை விழுந்தால் ரேடியோ முரண்டு பிடிக்கும். கடைசியில் துருவியே பக்கத்தில் இன்னொரு கொடி கட்டிக்கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்தாள்.

இப்படியே முப்பது வருஷம் ஓடியது. தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை அலமாரி முன்னால், எட்டரைக்குக் கடை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அந்த விசித்திர மனிதர் வந்து சேர்ந்தார்.

முதலில் கேட்டபோது அவளுக்குப் பிடித்துப்போனது அவருடைய கை. தந்தி அடிப்பதில் ஒவ்வொருவர் கையும் ஒரு தினுசு. குரலைப் போலவே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். இவருடையது பழுத்த கை, அவசரமில்லாதது. "யாராவது இருக்கிறீர்களா?" என்று பொது அழைப்பு விடுப்பார். தன் அடையாள எழுத்துகளைச் சொல்வார். நிறுத்துவார். துருவி பதில் கொடுப்பாள். கால் நிமிஷம் மௌனம். பிறகு, அவள் பேசவே இல்லை என்பதுபோல, "யாராவது இருக்கிறீர்களா?"

தன் சத்தம்தான் எட்டவில்லை என்று முதல் வாரம் நினைத்தாள். அடுத்த வாரம் கவனித்தால், மற்றவர்கள் பதில் கொடுத்தாலும் இதே கதைதான். பக்கத்து நாட்டிலிருந்து ஒருவர் இடிபோல முழங்கினார். அவருக்கும் பதில் இல்லை. ரேடியோ நண்பர்களிடையே அந்த மனிதர் பெயர் கெட்டது. "கூப்பிட்டுக் கூப்பிட்டு அவமானப்படுத்துறான். திமிரு" என்றார் ரேடியோ சங்கத்துச் செயலாளர்.

துருவிக்கு அது சமாதானமாகப் படவில்லை. திமிர் பிடித்தவன் தினமும் காலையில் எழுந்து ஒரு மணி நேரம் கெஞ்சுவானா?

"இன்னிக்கும் பேசலையா?" என்று கேட்டார் கணவர், சட்டைக்குப் பித்தான் போட்டபடி.

"இல்லைங்க."

"செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரின்னு விட்டுத்தள்ளேன்."

பழமொழி வாய்க்கு வந்தபடி வந்தது. அதில் சொல்லுக்குச் சொல் உண்மை இருந்தது அப்போது இருவருக்குமே தெரியாது.

ஏழாவது வாரத்தில் பெரிய செட் மக்கர் செய்தது. உதிரிப்பாகம் வந்துசேரப் பத்து நாளாகும். கை சும்மா இருக்குமா? துருவி பிஸ்கட் டப்பாவைத் தூசி தட்டி இணைத்தாள். கேட்பதற்கு ஒரு பழைய ரேடியோ. அந்த டப்பாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூடேற ஏற, நின்ற இடத்தில் நிற்காமல் அலைவரிசையில் கீழ்நோக்கி நழுவும். கேட்பவர் காதில் "கீ" என்று விழவேண்டியது மெல்ல மெல்லக் கட்டைக்குரலாகிவிடும்.

அந்த மனிதர் வந்தார், அழைத்தார். அவள் பழக்க தோஷத்தில் பதில் கொடுத்தாள். மௌனம். மறுபடி கொடுத்தாள். மௌனம். இப்படிப் பத்து நிமிஷம். டப்பா நன்றாகச் சூடாகி நழுவிக்கொண்டிருந்தது.

திடீரென்று அவளுடைய அடையாள எழுத்துகளே அவளிடம் திரும்பி வந்தன. அவர்தான்! முதல்முறை தடுமாற்றத்துடன், இரண்டாம் முறை தெளிவாக. "நீங்கள் நன்றாக வருகிறீர்கள். மிக நன்றாக. பல நாளாக யாருமே இல்லை. தயவுசெய்து மெதுவாகத் தட்டுங்கள்."

துருவி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். நூறு வாட்டுக்குத் திரும்பாத ஆள் ஐந்து வாட்டுக்குத் திரும்பியிருக்கிறார்! நாலு வரி பேசுவதற்குள் டப்பா மேலும் நழுவி, அவர் அவளைத் தொலைத்துவிட்டார்.

அன்றைக்குக் கடையில் ஒருவருடைய இடக்கண் லென்ஸை வலப்பக்கம் பொருத்திவிட்டாள். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

மறுநாளும் அதுவே நடந்தது. டப்பா ஆறியிருந்தபோது பதில் இல்லை. சூடானதும் பதில் வந்தது. மூன்றாம் நாள் ஐந்தரைக்கே எழுந்து டப்பாவை முன்கூட்டியே சூடேற்றி வைத்தாள். அவர் அழைத்த முதல் அழைப்புக்கே கொடுத்தாள். உடனே பதில். ஆக, காரணம் நேரமும் இல்லை, வானமும் இல்லை. சுருதிதான். கட்டையாக இருந்தால் கேட்கிறது, கீச்சென்று இருந்தால் கேட்கவில்லை. அது என்ன காது?

இதையே காலைச் சாப்பாட்டின்போது கணவரிடம் கேட்டாள். இதற்கு முன் ரேடியோவைப் பற்றி அவரிடம் யோசனை கேட்டதில்லை.

"சத்தம் கம்மியா இருக்கறது கேக்குது, பெருசா இருக்கறது கேக்கலை. கட்டைக்குரல்னா மட்டும் கேக்குது. அப்படி ஒரு காது உண்டாங்க?"

அவர் மென்றுகொண்டே யோசித்தார். "காது தெரியாது. கை உண்டு."

"கையா?"

"பஸ்ஸுக்குள்ள எழுபது பேர் கத்துறாங்க. எஞ்சினை நான் காதாலயா கேக்குறேன்? ஸ்டியரிங்தான் சொல்லும். அது கட்டையா உறுமினா கை கூசும், கியரை மாத்திடுவேன். பிரேக்கு கீச்சுன்னு கத்தினா கைக்கு ஒண்ணும் தெரியாது. கண்டக்டர்தான் வந்து சொல்லணும்."

துருவி சாப்பாட்டுக் கையைக்கூடக் கழுவவில்லை. இடது கையால் ரேடியோவின் முன்மூடியைக் கழற்றி, ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் விரலை வைத்தாள். ஏதோ ஒரு தந்தி ஒலியைப் பிடித்து, அலைவரிசைத் திருகை மேலே திருப்பினாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே இறக்கினாள். சுருதி தடித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் விரல்நுனியில் எறும்பு ஊர்ந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினாள், எறும்பு வண்டாயிற்று.

"மணி எட்டு இருபது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அவள் நகரவில்லை.

மறுநாள் காலை, நலம் விசாரித்து முடித்ததும், தயங்கித் தயங்கித் தட்டினாள். "ஒன்று கேட்கலாமா? நீங்கள் ஒலிபெருக்கியில் விரல் வைத்தா கேட்கிறீர்கள்?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று, மன்னிப்புக் கேட்கச் சாவியில் மறுபடி கை வைத்தாள்.

"ஆமாம்" என்று வந்தது. பிறகு, "நீங்கள் டாக்டரா?"

"இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை."

அவர் சிரித்தார். தந்தியில் சிரிப்பதற்கு என்று இரண்டு எழுத்துகள் உண்டு. அதை மூன்று தரம் தட்டினார். அதன்பின் மடை திறந்துகொண்டது. கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம். பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசையிலேயே காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மிச்சமிருந்ததும் போன வருஷம் அடைத்துவிட்டது. ரேடியோவைப் போர்த்தி வைத்தவரிடம், "அப்பா, விரலை வெச்சுப் பாருங்களேன்" என்று மகள் எழுதிக் காட்டினாளாம். வைத்துப் பார்த்தார். கூரைக் கம்பி அறுந்திருக்குமோ என்று அறுபத்தெட்டு வயதில் இரண்டு தரம் ஏணி வைத்து ஏறினார். "உலகத்தில் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள் என்று நினைத்தேன். நீங்கள் தட்டுவது மட்டும் எப்படிக் கேட்கிறது?"

துருவி சொன்னாள். ஒலி பெருகினால் போதாது, தடிக்கவும் வேண்டும்; கீச்சுக்குரல் விரலுக்கு எட்டாது. அவருடைய செட்டில் கேட்கும் சுருதியை மட்டும் நகர்த்தும் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை இடப்பக்கம் திருப்பச் சொன்னாள். காது இருந்த காலத்தில் அவர் அதைத் தொட்டதே இல்லை. எதற்குத் தொடவேண்டும்?

"இருங்கள்" என்றார். காத்திருந்தாள். கணவர் பின்னால் வந்து நின்றார். அவருக்கு ஓர் எழுத்தும் புரியாது.

"என்ன சொல்றாரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க."

அப்புறம் வந்தது, வழக்கத்தைவிட வேகமாக, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழ. "இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். பக்கத்து அலைவரிசைகளிலேயே. ஒருவர் தன் தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்."

துருவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு டிபன் டப்பாவில் அவளுக்கும் சேர்த்துக் கணவரே கட்டினார்.

சங்கத்துச் செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னாள். "நான் அவரைத் திமிர்னு சொன்னது எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்."

"அப்ப எல்லார்கிட்டயும் நானே போய்ச் சொல்லிடறேன்." சொன்னார். அந்த வாரமே ஒவ்வொருவராக அவருக்குப் பதில் கொடுக்க ஆரம்பித்தார்கள், மெதுவாக, கட்டைச் சுருதியில்.

மாதம் ஒன்று ஆனதும் நிலைமை தலைகீழாயிற்று. ஆறு மணிக்கு அலமாரி முன் உட்கார்ந்தால் அந்த மனிதரைப் பிடிக்க முடியவில்லை. எப்போதும் யாருடனாவது பேச்சு. தோட்டக்காரரோடு உரச் சண்டை, ஒரு கப்பல் சமையல்காரரோடு வானிலை, பெயரே கேட்டிராத ஒரு தீவிலிருந்த ஆசிரியையோடு கணக்குப் புதிர். துருவி வரிசையில் காத்திருப்பாள். சில நாள் முறை வரும், சில நாள் வராது.

"உன்னை மறந்துட்டாரா?" என்றார் கணவர்.

"பேச ஆள் கிடைச்சா யாருக்குத்தான் நேரம் இருக்கும்?" சற்றே குறையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குறை அதிக நாள் நீடிக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு வேறொரு வேலை அகப்பட்டுவிட்டது. வரிசையில் சும்மா காத்திருப்பானேன்? காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கூம்பில் விரலை வைத்தால் என்ன?

முதல் நாள் ஒரே எழுத்துதான் பிடிபட்டது. இரண்டாம் வாரம் நிமிஷத்துக்கு நாலு எழுத்து. நடுவிரலைவிட மோதிரவிரல் கூர்மை என்று கண்டுபிடித்து நோட்டில் எழுதினாள். லென்ஸ் தேய்த்துக் காய்த்த விரல் சரிப்படாது என்பதையும் எழுதினாள். அவருக்கு எந்த விரல் என்று கேட்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படி அவள் கண்மூடி உட்கார்ந்திருக்கையில் கணவர் வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டார். திரும்பவில்லை. கிட்டே வந்து காதிலிருந்த பஞ்சைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொள்ளப் போனவர், என்ன நினைத்தாரோ, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூம்பின் மறு ஓரத்தில் தன் விரலையும் வைத்தார்.

"ஆமா, உறுமுது" என்றார். "ரெண்டாவது கியர்."