பத்து நிமிடம், ஆளுக்கு ஒரு பை

நான் எழுதிய பகிடிக்கு ஒரு மண்டபமே சிரிக்காமல் இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் உள்ள பொது மண்டபம், சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. மேலே மின்விசிறிகள் கடகடவென்று சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. 

படம் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பார்க்கிற கார்ட்டூன். வேற்றுக் கிரகத்தில் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, மகன், வாய் ஓயாத ஒரு ரோபோ. கிரகம் வெடிக்கப்போகிறது என்று தெரிந்து விண்கலத்தில் ஏறித் தப்புகிறார்கள், போகிற இடமெல்லாம் கோமாளிக்கூத்து ஆடுகிறார்கள். ஆங்கிலத்தில் வந்த படம். அதற்குத் தமிழ் வசனம் எழுதியது நான்.

இப்படியான படங்கள் எங்களுக்கு எப்போதும் இந்தியத் தமிழில்தான் வரும். சமையல் நடக்கிற குசினியில் நின்று "ஏலாது" என்று கத்துகிற என் மகள், ரீவிக்கு முன்னால் போனதும் "முடியாதுப்பா" என்று ராகம் இழுப்பாள். கேட்டுக் கேட்டு எனக்கு விசர் பிடித்திருந்தது. கொழும்பில் ஒரு நிறுவனம், ஒரேயொரு படத்தை எங்கள் பேச்சில் செய்து பார்ப்போம் என்றதும் துள்ளிக்கொண்டு போனேன். அவர்கள் போட்ட நிபந்தனை எளிமையானது. திருகோணமலைக் குடும்பங்களுக்குப் படத்தைக் காட்டுவோம். சனம் சிரித்தால் வரப்போகிற படங்களும் எங்கள் பேச்சில், என் வசனத்தில். சிரிக்காவிட்டால் பழையபடி இந்தியத் தமிழ். எனக்கும் வேலை இல்லை.

சிரிக்கவைக்க நான் கள்ள வேலையும் பார்த்திருந்தேன். அன்புவழிபுரத்தில் என் அயலவர்களைக் கூப்பிட்டேன், கிண்ணியாவிலும் மூதூரிலும் தெரிந்த குடும்பங்களைக் கூப்பிட்டேன். அது போதாதென்று சம்பூரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களை இறக்கினேன். சம்பூர் என் கணவரின் ஊர். மருமகளின் முகத்துக்காகவாவது கொஞ்சம் கூடச் சிரிப்பார்கள் என்பது என் கணக்கு.

நிறுவனத்திலிருந்து வந்திருந்த ஐயா என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். மடியில் ஒரு கொப்பி. சனம் சிரிக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு போட்டார். முதல் இருபது நிமிடமும் கோடு கோடாக ஏறியது. ரோபோ "உங்கட கதை எனக்கு ஏலாது" என்றபோது ஒரு கிழவர் கைதட்டியே விட்டார். நான் உள்ளுக்குள் அடுத்த படத்துக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்.

பிறகுதான் அந்தக் காட்சி வந்தது. ரோபோ கூரையில் ஏறி நின்று கத்துகிறது: "பத்து நிமிசம்! ஆளுக்கு ஒரு பை! ஒருத்தரும் திரும்பிப் போகப்படாது!" அப்பா குளிர்சாதனப் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு வாசலில் சிக்கிக்கொள்கிறார். அம்மா அரிசி மூட்டையோடு ஓடுகிறாள். முற்றத்தில் கட்டியிருக்கிற ஆறு கால் பிராணி ஒன்று கயிற்றோடு துள்ளுகிறது. படத்திலேயே அதிகம் சிரிக்கிற இடம் இதுதான் என்று ஐயா முன்பே சொல்லியிருந்தார்.

சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தாய்மாரின் முகத்தைப் பார்த்தார்கள், நிறுத்திவிட்டார்கள். நாலு நிமிடக் காட்சி. ஐயாவின் பேனை கொப்பிக்கு மேலே அசையாமல் நின்றது. எழும்பிப் போய் மின்சாரத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் மகன் தன் பையைத் திறந்து காட்டுகிறான். உள்ளே கறுப்பாக, பொத்தான்களோடு ஏதோ ஒன்று. ஆங்கிலத்தில் அது விளையாட்டுச் சாமான். நான் அதை ரிமோட் ஆக்கியிருந்தேன். "டேய், ரீவியை விட்டிட்டு ரிமோட்டையோடா கொண்டு வாறாய்?" என்று அப்பா கத்துவார். அந்த வசனம் எங்கள் வீட்டு அலுமாரியின் இழுப்பு லாச்சியில் எடுத்தது. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அங்கே ஒரு பழைய ரிமோட் கிடக்கிறது. எங்கள் ரீவிக்குப் பொருந்தாது, பற்றரி மூடியும் இல்லை. எறியப் போகிற ஒவ்வொரு முறையும் கணவர் "கிடக்கட்டும்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அந்த வசனத்துக்கு ஒரே ஒரு ஆள் சிரித்தார். பின் வரிசையில் ஒரு ஆண் குரல். சிரிப்பு நிற்கவில்லை, நீண்டுகொண்டே போனது. சனம் திரும்பிப் பார்த்தது. கதிரை இழுபட்டது, கதவு திறந்து மூடியது. ஐயா ஒரு கோடு போட்டார். அதற்குப் பிறகு படம் முடியுமட்டும் அந்தக் கொப்பியில் வேறு கோடு விழவில்லை.

படம் முடிந்ததும் ஐயா எழும்பினார். "உங்கட தமிழ் சனத்துக்குப் பிடிபடேல்லைப் போல, தங்கச்சி. கருத்துப் படிவங்களை நாளைக்குக் காலமை வந்து எடுக்கிறன்" என்றார்.  வெளியே வந்தால் கணவர் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்கிறார்.

"என்ர படம் ஓடேக்க பாதியில எழும்பி வந்திட்டீங்கள், என்ன?"

"தண்ணி குடிக்க வந்தனான்."

"நல்லா இருந்ததோ இல்லையோ எண்டாவது சொல்லுங்கோவன்."

"நல்லாத்தான் இருந்தது" என்றபடி படிவங்களை வாங்கிச் சேர்க்க வாசலுக்குப் போய்விட்டார். நான் அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

மறுநாள் காலை குசினி மேசையில் படிவங்களைப் பரப்பினேன். குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்தவை நாற்பத்திரண்டு. நிவாரணப் படிவம் நிரப்பியே பழகிய இந்தப் பக்கத்துச் சனத்தின் கையில் படிவம் ஒன்றைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். சிலர் அடையாள அட்டை இலக்கத்தையும் குடும்ப அங்கத்தவர் தொகையையும் எழுதியிருந்தார்கள். ஒரு அம்மா கிராம சேவகரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். ஒருவர் கூரைத் தகரம் இன்னும் வரவில்லை என்று எழுதியிருந்தார். "மிக நன்று" என்ற பெட்டியில் எல்லோரும் புள்ளடி போட்டிருந்தார்கள். பேர் விலாசம் கேட்கிற தாளில் வேறு எதற்குத்தான் புள்ளடி போடுவார்கள்?

அதற்குக் கீழே, கருத்து எழுதுகிற கோட்டில்தான் விஷயம் இருந்தது.

"தகப்பன் பிரிஜ்ஜைத் தூக்கினது பிழை. காணி உறுதிப் பத்திரத்தை எல்லோ எடுத்திருக்க வேணும்."

"தாய் அரிசி எடுத்தது சரி. சட்டி எடுக்கேல்லை. எதில சமைப்பா?"

"ஆறு கால் பிராணியை அவிட்டு விட்டிருக்கலாம். நாங்கள் மாடுகளை அவிட்டு விட்டிட்டுத்தான் வந்தனாங்கள்."

மூதூர்க் குடும்பம் ஒன்று ஒரே வரி எழுதியிருந்தது: "பத்து நிமிசம் குடுத்தது பெரிய விசயம்."

நான் திருகோணமலை ரவுனில் பிறந்து வளர்ந்தவள். இரண்டாயிரத்து ஆறு யுத்தத்தில் சம்பூர், மூதூர்ப் பக்கம் செல் குண்டு விழுந்து சனம் ஊரை விட்டு ஓடியபோது எங்கள் வீட்டு யன்னல் அதிர்ந்தது, அவ்வளவுதான். அந்தச் சனத்தைத்தான் நான் பஸ் வைத்துக் கூட்டிவந்து, பத்து நிமிசம், ஆளுக்கு ஒரு பை என்று கத்திக் காட்டியிருக்கிறேன். சிரிக்கவில்லை என்று கோபம் வேறு. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

கடைசித் தாளில் மட்டும் புள்ளடியும் இல்லை, பேரும் இல்லை. வலப்பக்கம் சரிந்த அந்த எழுத்தை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். கடைச் சாமான் துண்டில் தினமும் பார்க்கிற எழுத்து.

"நாலு நாளில திரும்பி வரலாம் எண்டு சொன்னவை. அதுவரைக்கும் வேற ஆரும் வந்து எங்கட ரீவியைப் போடக்கூடாது எண்டு ரிமோட்டை எடுத்தனான். எனக்கு அப்ப பதினாறு."

கணவரின் குடும்பம் சம்பூருக்குத் திரும்பிப் போக ஒன்பது வருடத்துக்கு மேல் ஆனது. போனபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்தான் இருந்ததாம். இவ்வளவும் எனக்கு அவர் தமக்கை சொன்ன கதை. கணவரின் வாயால் ஒரு சொல் கேட்டதில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

பத்து மணிக்கு ஐயா வந்தார். நான் மற்றதை எல்லாம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார்.

"ஒண்டு குறையுது."

"அது வீட்டுப் படிவம், ஐயா. தர ஏலாது."

அவர் வாசிக்கத் தொடங்கினார். நாலைந்து தாளுக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தமிழைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லையே."

"ஓம், ஐயா. பக்கத்து வீட்டு ஆக்களுக்குப் புத்தி சொல்லுற மாதிரி எழுதியிருக்கினம். வேற தமிழில கேட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இப்பிடிச் சட்டியும் உறுதியும் தேடியிருப்பினமோ?"

  அவர் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். "இதையே நான் கொழும்பில சொல்லுறன். அடுத்த படத்தையும் நீங்களே எழுதுங்கோ" என்றார்.

கணவர் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஐயா கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ஒரு இடம் மட்டும் மாத்தலாம். அந்த ரிமோட் வசனம். முழு மண்டபத்திலையும் ஒரு ஆள்தான் சிரிச்சது. எடுத்திடுவமே?"

நான் வாயைத் திறக்க முதல், கணவர் ஐயாவுக்குக் கிட்டச் சீனிப் போத்தலைத் தள்ளிவைத்தார்.

"கிடக்கட்டும், ஐயா" என்றார்.