அம்மா வேண்டாம் என்ற பாக்கியம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு பேச்சை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

அம்மா கும்பகோணத்தில் பிறந்தவர். அப்பாவின் வங்கி வேலையை ஒட்டி மணமான புதிதில் கொல்கத்தா வந்து, கடைசி வரை டாலிகஞ்சில் குடும்பம் நடத்தினார். வார்த்தைகளில் கறார். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். அண்டை வீட்டார் நல்லவர்களாக அமைந்தால் கொடுப்பினை. எனக்குப் பதவி உயர்வு வந்ததை யாரோ யோகம் என்றபோது, "யோகமாவது ஒண்ணாவது, அவ உழைச்சிருக்கா" என்று சீறினார்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. அவரை உள்ளே கொண்டு சென்றதும் அத்தை அம்மாவின் நெற்றியில் குங்குமம் இட்டு, "கவலைப்படாதீங்க அண்ணி, நீங்க தீர்க்க சுமங்கலி" என்றார். நானும் தலையாட்டினேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"அப்ப நான்தான் முதல்ல போகணும்ங்கிறீங்க. அது எனக்குப் பாக்கியம், சரி. அவருக்கு? தனியா விட்டா தவிச்சுப் போயிடுவார். அவரை வழியனுப்பிட்டுத்தான் நான் போகணும். எனக்கு அந்தப் பாக்கியம் வேண்டாம்."

அத்தை காதைப் பொத்திக்கொண்டார். "அபசகுனமா பேசாதேம்மா" என்று நான் அதட்டினேன். அதன்பின் ஐந்து மணி நேரம் மூவரும் காத்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் அம்மா எழுந்து நின்றார். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்ன பிறகும் அம்மா என்னைப் பார்க்கவில்லை.

அப்பா வீடு திரும்பிய மறுநாள், அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா அப்படியே சரிந்தார். மாரடைப்பு. வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"பூவும் பொட்டுமா போயிட்டாங்க, கொடுத்து வச்சவங்க" என்றார்கள் வந்தவர்கள். கட்டிலில் இருந்தபடி அப்பா ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அது என் குற்றம்.

துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், அன்று முதல் அப்பாவுக்கு மதிய உணவு அனுப்பும் கீழ்வீட்டு வங்காளி அம்மையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

சென்ற வாரம் அப்பா என்னிடம், "அவ கொடுத்து வச்சவன்னு எல்லாரும் சொல்றாங்களே, உனக்கும் அப்படித்தான் தோணுதா?" என்று கேட்டார். அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததை அப்போதுதான் சொன்னேன். அப்பா வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ ஒருத்தியாவது என்னைப் பத்தி யோசிச்சாளே. அதை அப்படியே எழுதும்மா."